சொதியும் அமெரிக்க நாவலும்

டோர்ட்மண்ட், 17.11.2004

அன்புள்ள புஸ்பவதி அக்காவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் நலம். கனடாக் குளிரில் உங்கள் முழங்கால் நோகாதிருக்கக் காமாட்சி அம்மனை வேண்டுகிறேன்.

அக்கா, போன சனிக்கிழமை எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இரண்டு வருடம் முன்பு ஊன்ட்றொப் காமாட்சி அம்மன் கோயில் தேருக்கு வந்த விருந்தினர் முன்னால் "சொதிக்கு உப்புக் காணாது" என்று சொல்லிவிட்டேன் அல்லவா, அன்றிலிருந்து என் மனுசி சந்திரகாந்தி என்னோடு நேரே கதைப்பதில்லை, நானும் இறங்கிப் போகவில்லை, எல்லாம் மகள் வழியாகத்தான். ஆதிரை பான் நகரத்துக்குப் படிக்கப் போன பிறகும், ஒரே குசினியில் அடுப்புக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டு அவளுக்குப் போன் எடுத்து, "அம்மாவிட்டைச் சொல்லு, சீனி வருத்தக் குளிசை முடிஞ்சுது" என்றுதான் குடும்பம் நடத்தினோம்.

சனிக்கிழமை வீட்டில் ஆதிரையின் மேசை லாச்சியை இழுத்தபோது, அவள் விட்டுப்போன, ஜெர்மனில் அச்சடித்த இரண்டு தாள் கண்டேன். 'யாரும் யாருக்கும் மனதில் உள்ளதைச் சொல்வதில்லை. வாழ்வுக்கு அர்த்தமில்லை. மிஞ்சுவது மௌனம் மட்டுமே.' பிள்ளை தன் உயிரை ஏதும் செய்யப் போகிறாளோ என்று பயந்துவிட்டேன். அவள் மூன்று நாளாகப் போனும் எடுக்கவில்லை. சந்திரகாந்திக்கு உடனே சொல்லவேணும், ஆனால் யார் வழியாகச் சொல்வது? சேதி காவுகிறவளுக்கே அல்லவா இந்த நிலை! தாள்களைச் சோற்றுப்பானை மூடியில் வைத்துவிட்டு இருமினேன். சந்திரகாந்தி எடுத்து வாசித்தாள். பிறகு என் முகத்தை நேரே பார்த்து, "என்னப்பா பாத்துக்கொண்டு நிக்கிறியள்? காலிலை சப்பாத்தைப் போடுங்கோ!" என்றாள். ரயிலில் பான் வரைக்கும் என் கையை விடவேயில்லை.

கதவைத் திறந்த ஆதிரையின் வாயில் பீட்சா. நான் தாள்களை நீட்டினேன்.

"ஐயோ அப்பா, அது என்ரை ஆய்வு! இப்பத்தைய அமெரிக்க நாவல்களைப் பற்றி. அதிலை புருசனும் பெண்சாதியும் ஒரே மேசையிலை இருந்து மழையைப் பற்றிக் கதைப்பினம். உண்மையிலை குடும்பம் முறியுது. ஒருத்தரும் அதைச் சொல்லமாட்டினம்."

"அப்ப ஏன் பிள்ளை போன் எடுக்கேல்லை?" என்றாள் சந்திரகாந்தி.

"நீங்கள் ரெண்டு பேரும் மாறி மாறி எடுத்தா நான் எப்ப எழுதுறது?"

"இவ்வளவு சிக்கலான விசயம் உனக்கு எப்பிடி விளங்கினது?" என்று நான் கேட்டேன்.

"பேராசிரியரும் அதைத்தான் கேட்டவர், எந்தப் புத்தகத்திலை படிச்சனீர் எண்டு. நான் என்னத்தைச் சொல்ல, எங்கடை குசினி எண்டோ?"

சந்திரகாந்தி சிரித்தாள், பிறகு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. பிள்ளை உயிரோடு, பீட்சாவோடு இருக்கிறாள், வேறென்ன வேண்டும்? இனி எங்கள் வீட்டில் எல்லாம் நேர்ப்பேச்சுத்தான், அக்கா. உங்கள் பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

அன்புத் தம்பி,
இராசலிங்கம்

பி.கு.: இன்றைய சொதிக்கும் உப்புக் காணாது. பிள்ளை இனி எங்களுக்குச் சேதி காவமாட்டாளாம். ஞாயிற்றுக்கிழமை சந்திரகாந்தியோடு போனில் கதைக்கும்போது, நீங்களாகச் சொல்வதுபோலச் சொல்லிவிடுங்கோ. அவள் அடுத்த அறையில்தான் இருக்கிறாள்.