பெட்டி மைக்

பேய்க்குப் பயந்தவன் செய்யக்கூடாத தொழில்கள் இரண்டு. ஒன்று, சுடலையில் காவல் இருப்பது. மற்றது, யாழ்ப்பாணத்தில் நேரலைக்குச் சவுண்ட் மிக்ஸ் பண்ணுவது. சுடலையில் பிணம் கதைக்காது (என்றுதான் சொல்கிறார்கள்). எனக்குக் கதைத்தது.

எங்கள் பக்கத்தில் எந்த வீட்டுக் காரியம் என்றாலும் பாதிச் சொந்தம் வெளிநாட்டில் இருந்துதான் பார்க்கும். நான் குகன் அண்ணையிடம் வேலைக்கு இருந்தேன். கமெரா அவர், மிக்சர் நான். கலியாணம் என்றால் எனக்கு ஒரு நாளுக்குப் பத்தாயிரம் ரூபாவும் வயிறு முட்டச் சாப்பாடும். பிள்ளை பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்கு எட்டாயிரம். செத்தவீட்டுக்கு ஐயாயிரம், பால் விடாத பிளேன்ரீ மட்டும். இத்தனைக்கும் செத்தவீட்டில் யாரும் குகன் அண்ணையிடம் பேரம் பேசமாட்டார்கள், கேட்டதைத் தந்துவிடுவார்கள். "அரை நாள் வேலைதானேடா" என்பார் என்னிடம். அந்த அரை நாளுக்காக நான் ஒரு கிழமை லைட்டை அணைக்காமல் படுப்பது அவருடைய கணக்கில் வராது.

சாவகச்சேரிக்குக் கிட்ட ஒரு செத்தவீடு. இறந்தவர் ஓய்வு பெற்ற பஸ் சாரதி. ஒரே மகள் சுமதி கனடாவில். அவளுடைய அகதி வழக்கு இன்னும் முடியவில்லை, அங்கேயிருந்து வெளிக்கிட்டால் திரும்பிப் போக முடியாது. பெட்டி மூடுவதற்கு முன் அப்பாவோடு ஒரு வார்த்தை கதைக்க வேண்டும், அதற்கு மட்டும் வழி செய்து தாருங்கள் என்று குகன் அண்ணையிடம் அழுதிருக்கிறாள். வீடியோ கோலில் அவள் குரலை மிக்சருக்குக் கொண்டு வந்து, கடைசியில் ஸ்பீக்கரில் விடுவது என்று ஏற்பாடு. அதுவரைக்கும் அவள் பக்கத்துச் சத்தம் ஒருவருக்கும் கேட்காது என்றும் சொல்லியிருந்தோம்.

மிக்சரில் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு கட்டை இருக்கும். மேலே தள்ளினால் சத்தம் ஏறும். கட்டைகளின் கீழே பிளாஸ்டர் ஒட்டி ஐயர், பெட்டி, கனடா என்று எழுதி வைத்தேன். பெட்டி என்றால் பிரேதத்தின் தலைமாட்டில் வைக்கும் மைக். ஒப்பாரி கேட்காவிட்டால் வெளிநாட்டுச் சொந்தங்கள் கொமென்ற் போட்டுக் கொன்றுவிடுவார்கள். முறைப்படி, வயரைச் செருகிய பிறகு ஒவ்வொரு மைக்கிலும் ஹலோ சொல்லிப் பார்க்க வேண்டும். பிரேதத்தின் காதடியில் நின்று யார் ஹலோ சொல்வது? மறுமொழி வந்தால்? நான் மைக்கைத் தூரத்திலிருந்தே நீட்டி வைத்துவிட்டு ஓடி வந்து, எது எதென்று பாராமல் வயர்களைச் செருகினேன். பெட்டியும் கனடாவும் இடம் மாறிப் போனது எனக்குத் தெரியாது.

கிரியை தொடங்கியது. ஹெட்போன் ஒரு பொல்லாத சாமான். கற்பூரம் வெடிப்பது, பெட்டியில் மொய்க்கிற இலையான் பறப்பது எல்லாம் மூளைக்குள்ளேயே நடக்கும். பெட்டி மைக் வேலை செய்கிறதா என்று எனக்கு மட்டும் கேட்கிற பொத்தானை அமத்தினேன். ஒரு சத்தமும் இல்லை. பிறகு யாரோ மூச்சு விட்டார்கள். ஆறுதலான, இழுத்த மூச்சு. அதன்பின் ஒரு வயதான ஆம்பிளை தொண்டையைச் செருமினார்.

நிமிர்ந்து பார்த்தேன். பெட்டியைச் சுற்றிப் பெண்கள் மட்டும்தான். ஆம்பிளை என்று ஒருவர்தான் இருந்தார், அவர் உள்ளே கிடந்தார். ஹெட்போனில் அந்தக் குரல் மெல்லச் சொன்னது: "பிள்ளை... நித்திரையோ?"

குகன் அண்ணையைச் சுரண்டி, பெட்டிக்குள் ஆரோ கதைக்கினம் என்றேன். அவர் திரும்பியும் பார்க்கவில்லை. "விசர்க்கதை கதையாதை. ஒப்பாரி கேக்கேல்லை எண்டு லண்டனிலை கத்துறாங்கள். பெட்டியை ஏத்து."

ஏத்தினேன். கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் ஏத்தினேன்.

பந்தலின் இரண்டு ஸ்பீக்கரிலும் செத்தவர் கதைத்தார். "பிள்ளை, அப்பா கதைக்கிறன். சாப்பிட்டியோ? கொம்மா என்ரை சுருட்டை எங்கையோ ஒளிச்சுப் போட்டா. நீ எண்டாலும் கேட்டுச் சொல்லு."

பறைமேளம் நின்றது. ஐயர் கும்பத்தைத் தாண்டிப் பாய்ந்தார். இடியப்பம் பிழிந்த மாதிரிச் சனம் படலைக்குள்ளால் றோட்டுக்குப் போனது. நான் மேசைக்குக் கீழே போய்விட்டேன். (குகன் அண்ணை எனக்கு முதலே அங்கே இருந்தார்.)

செத்தவரின் மனைவி மட்டும் அசையவில்லை. மனுசன் போன நேரத்திலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல், கல்லு மாதிரி இருந்தவ. பெட்டிப் பக்கம் திரும்பி, தினமும் சொல்கிற குரலில் சொன்னா: "இஞ்சேருங்கோ, நான் ஒளிக்கேல்லை. அலுமாரிக்கு மேலைதான் கிடக்கு."

சொல்லிவிட்டு ஓவென்று அழத் தொடங்கினா. அதே நேரம் ஸ்பீக்கரிலும் ஒரு பெண்ணின் அழுகை. அப்போதுதான் எனக்கு விளங்கியது, பெட்டிக் கட்டையில் வந்தது கனடா. கனடாவில் தன் முறைக்குக் காத்திருந்த சுமதி, தாங்க முடியாமல் தகப்பன் போனில் அனுப்பியிருந்த பழைய வொய்ஸ் மெசேஜுகளைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

செத்தவரின் தம்பிக்காரன் றோட்டில் நின்று, லைனை வெட்டடா என்று கத்தினார். நான் மேசைக்குக் கீழிருந்தே கையை மட்டும் நீட்டிக் கட்டையைத் தேடினேன்.

"வெட்டாதை தம்பி," என்றா அந்த அம்மா. "பிள்ளை கதைக்கட்டும்."

நான் கையை எடுத்துவிட்டேன். சுமதிக்கு அழுகைதான் வந்தது, கதை வரவில்லை. அந்த மெசேஜ் வந்த அன்று தான் வேலையில் நின்றதாகவும், பிறகு பதில் போடுவோம் என்று விட்டுவிட்டதாகவும் சொன்னாள். ஓடின சனம் ஒவ்வொருவராகப் பந்தலுக்குள் வந்து நின்றது.

"அப்பா," என்றாள், "நான் சாப்பிட்டிட்டன்."

அதற்குப் பிறகு பெட்டியை மூடினார்கள். எனக்கு மேசைக்குக் கீழிருந்து வெளியே வர மனம் வரவில்லை. பயத்தில் இல்லை, அழுதது தெரியக்கூடாது என்று.

குகன் அண்ணை அந்த மாதம் எனக்குச் செத்தவீடே தரவில்லை. ஆனால் கதை பரவிவிட்டது. இப்போது தென்மராட்சியில் எனக்குப் பெயர் 'பிணத்தைக் கதைக்க வைச்சவன்'. வீட்டில் நான் தொண்டையைச் செருமினால் போதும், மனைவி பிள்ளைகளிடம், ஓடுங்கோ, கொப்பர் கதைக்கப் போறார் என்பாள். சிலர் இரகசியமாக வந்து, எங்கடை அய்யான்ரை வொய்ஸும் இருக்கு, போடுவியளோ, எவ்வளவு எடுப்பியள் என்று கேட்கிறார்கள். போடுகிறேன். அதற்கு ரேட் இல்லை.

இந்தக் கதையைக் கேட்டு எல்லோரும் சிரித்த அன்று சிரிக்காமல் இருந்தவர் என் அப்பா. போனில் இரண்டு சொல்லுக்கு மேல் கதைக்காத மனுசன். அடுத்த நாளிலிருந்து எனக்குத் தினமும் ஒரு வொய்ஸ் மெசேஜ் வருகிறது. நாங்கள் இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அவர் அடுத்த அறையில் இருந்து அனுப்புவார், குரல் சுவருக்கூடாகவும் கேட்கும். நேற்று, கிணற்று மோட்டரை நிப்பாட்ட மறந்திட்டாய் என்று அனுப்பியிருந்தார். போய் நிப்பாட்டினேன். மெசேஜை அழிக்கவில்லை.