நிலைப்படியில் நின்றுபோன கேள்வி

அன்பு மகன் முஹம்மது அனஸுக்கு, ராஜபாளையத்திலிருந்து உன் சின்னத்தா முத்து முகம்மது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் இங்கே வைஃபையைத் தவிர அனைவரும் நலம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பாதியில் நிற்குமென்று தபாலில் எழுதுகிறேன்.

நெட்வொர்க் கம்பெனிக்காரனான நீ பெருநாளுக்கு வந்தபோது, "சாயங்காலம் டவர்ல கூட்டம் சின்னத்தா, உள்ள போனதும் போன் தானா வைஃபைக்கு மாறிக்கிடும்" என்று உள்ளறையில் வைஃபை பெட்டியை மாட்டிவிட்டுப் போனாய். மாறுகிறது, நான் இல்லையென்று சொல்லவில்லை. என் மகள் சுமையாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் சம்பந்தம் பேசினோம். மாப்பிள்ளையின் அத்தா அப்துல் ரஹ்மானுக்குக் காலில் மாவுக்கட்டு, அதனால் வீடியோ கால். முன் ஹாலில் ஆண்கள் பேசி முடித்ததும், பெண்ணிடம் சம்மதம் கேட்க உன் சின்னம்மா மாஜிதா போனை உள்ளே கொண்டுபோனாள். நிலைப்படி தாண்டினாளோ இல்லையோ, போன் டவரை விட்டுவிட்டு வைஃபையைத் தேடப் போய், வட்டம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. அந்த நேரம் பார்த்துச் சுமையா சார்ஜர் எடுக்கக் குனிந்திருக்கிறாள், அந்தப் படம் அவர்கள் போனில் அப்படியே நின்றுவிட்டது. அப்துல் ரஹ்மான் "சம்மதமாம்மா?" என்று கேட்டது இங்கே வரவே இல்லை. பொண்ணு தலைகுனிஞ்சு பேசாம நிக்கா, பேசாம இருந்தாச் சம்மதம்னுதானே நம்ம வழக்கம்னு அவிய தெருவுக்கே பால்கோவா கொடுத்து முடிச்சுட்டாவ!

"எங்கிட்ட கேள்வியே வந்து சேரல, பதில் மட்டும் எப்படிப் போச்சு அத்தா?" என்கிறாள் சுமையா. எனக்கு ரொம்பப் பிடித்த இடம்தான், ஆனால் பெண்ணைக் கேட்காமல் கொடுத்தால் அது நிக்காஹ்தானா? வெட்கத்தை விட்டு அப்துல் ரஹ்மானிடம் சொன்னேன். தங்கமான மனுஷர். "அதுக்கென்ன, வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு திரும்பக் கேக்கேன்" என்றார். ஆகையால் அதற்குள் வந்து பெட்டியைச் சரிசெய். பச்சப்பிள்ளையைக் கைமாத்தும்போது வாங்குறவ பிடிச்ச பொறவுதானே கொடுக்கிறவ கையை விடுவா? இந்த அறிவு போனுக்கு வேண்டாமா?

அனைவருக்கும் சலாம். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் அறுபடாத சிக்னலும் தருவானாக.

சின்னத்தா,
முத்து முகம்மது

பின்குறிப்பு: ஸ்டாம்ப் வாங்குவதற்குள் வெள்ளிக்கிழமையே முடிந்துவிட்டது. நீ பெட்டியைத் தொட வேண்டாம், நிக்காஹ்வுக்கு லீவு மட்டும் சொல்லி வை. சுமையாவே போனைப் பெட்டிக்குப் பக்கத்தில் சாத்திவைத்து, செத்த நேரம் சோதித்துப் பார்த்துவிட்டு அழைத்தாள். அங்கே மிக்சி ஓடுவதுகூடக் கேட்டது. அப்துல் ரஹ்மான் கேட்டார். பதிலே இல்லை. "திரும்பவும் நின்னு போச்சா?" என்று அவர் பதறினார். நான் எழுந்துபோய்ப் பெட்டியைத் தட்டினேன். "லைன்லதான் இருக்கேன் மாமா, நீங்க கேட்டது நல்லாக் கேட்டுச்சு" என்று சொல்லிவிட்டுச் சுமையா மறுபடியும் பேசாமல் இருந்தாள்.