பழமலை ஜாடி தட்டிய படலம்

"ணங்!"

அந்த ஓசை அடங்குமுன், மூக்கை விண்ணுக்கு உயர்த்தி, "ஊ...ஊ..." என்று தெருவே அதிர முழங்கியது ஒரு நாய்.

முறம் போன்ற செவிகளையுடைய ஆழத்துப் பிள்ளையாரே, அவற்றில் ஒன்றை இப்பக்கம் சாய்த்தருளும். விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளின் புகைக்குக் கீழே, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டாம் ஆண்டுச் சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் மூண்ட மகா யுத்தத்தைச் சொல்லப் புகுகிறேன்.

வாழ்க பழமலை! பீங்கான் தொழிற்சாலை ஒன்றில், சூளையிலிருந்து இறங்கும் ஜாடிகளை வளைந்த நடுவிரலால் தட்டி, 'ணங்' என்றால் நல்லது, 'டொக்' என்றால் விரிசல் என்று பிரித்து வைக்கும் அரும்பணியில் பதினோரு ஆண்டு கண்ட திருவிரலோன். பனியன்மேல் துண்டு போட்டால் மேஸ்திரி என்றே பிறர் மயங்கும் மேனியன்.

அவனுக்கு எதிராக நின்றது அவன் வீட்டு நாய் வஸ்தாது. பெயர்தான் வஸ்தாது; விலா எலும்பை எண்ணிவிடலாம். ஆனால் அதன் செவியோ செவி. பழமலையின் சைக்கிள் பாலக்கரை திரும்பும்போதே இங்கே வால் ஆடும். தபால்காரருக்கு ஒரு குரைப்பு, கடன் கேட்டு வரும் பங்காளிக்கு இரண்டு, மாமியாருக்கு மூன்று. அடுப்படியில் இருந்தபடியே அதைக் கேட்டு, காபி போடுவதா கதவைச் சாத்துவதா என்று முடிவு செய்வாள் பழமலையின் மனைவி கொளஞ்சியம்மாள். நல்ல ஜாடியைத் தட்டினால் அந்த நாதம் தாங்காமல் ஊளையிடும் வஸ்தாது, விரிசல் ஜாடிக்கு மயிரிழையும் அசையாது.

போருக்குக் காரணம் யாதெனில், சென்ற ஆண்டு பழமலை தன் திருவிரலால் தட்டித் தேர்ந்த ஜாடி ஆடி பிறக்குமுன்னே அடி கசிந்து, நூறு மாங்காய் ஊறுகாயின் எண்ணெயை அலமாரி வழியே தரைக்கு அனுப்ப, எறும்புச் சேனை அணி அணியாக வந்து அந்த வீட்டைக் கைப்பற்றியது. கொளஞ்சியம்மாள் மறக்கவில்லை. இவ்வாண்டும் நூறு மாங்காய் வெட்டி, உப்புப் பிசறி, அண்டாவில் காத்திருந்தது. பொழுது சாய்வதற்குள் ஜாடி வேண்டும். ஆகவே, தொழிற்சாலைகள் கழித்த சரக்கை வைக்கோல் சுற்றிச் சைக்கிளில் விற்றுவரும் பக்கிரி வாசலில் நின்றதும், அவள் கணவனை எழுப்பாமல் நாயை எழுப்பினாள். ஒரு ஜாடியைத் தட்டினாள். நாம் முதலில் கேட்ட முழக்கம் அதுவே.

"பக்கிரி, இது இருக்கட்டும்."

முழக்கத்தில் விழித்த பழமலை, பாயை உதறி, வேட்டியை இறுக்கி, குகையை விட்டுப் புறப்பட்ட சிங்கமென வாசலுக்கு வந்தான்.

"ஊரு ஜாடியெல்லாம் தட்டுற கை இங்க இருக்குது. நாயக் கேட்டா ஜாடி வாங்குற?"

"போன வருசம் அந்தக் கையத்தாங்க நம்புனேன்."

அம்பு தைத்தது. வீரன் வேறொரு ஜாடியை எடுத்து, தலையைச் சாய்த்து, விழிகளை மூடித் தட்டினான். 'ணங்' என்றும் கொள்ளலாம், 'டொக்' என்றும் கொள்ளலாம், அத்தகைய நடுநிலை ஓசை எழுந்தது. வஸ்தாது தன் வயிற்றில் உண்ணி தேடியது.

"இதுதான் ஜாடி. அது சொன்னது விரிசல்" என்று பறைசாற்றினான் பழமலை. "நான் தோத்தா, இந்த வூட்டுல நாயிக்குப் போட்டுட்டு எனக்குச் சோறு போடு."

பக்கிரி வியாபாரி. "அண்ணன் சொல்றதும் சரிதான், நாய் சொல்றதும் சரிதான்" என்றான்.

வழக்கு வருணனிடம் சென்றது. இரு ஜாடிகளும் விளிம்பு தளும்ப நீர் நிரப்பப்பட்டு, காய்ந்த சிமெண்டுத் தரையில் மத யானைகள்போல் எதிரெதிரே நிறுத்தப்பட்டன. தெரு திரண்டது. எதிர்வீட்டு ஆராயி இடுப்பில் குடத்தோடு வந்து, "கொளஞ்சி, மொதல்ல யாருக்கு எல போடப் போற?" என்று கேட்டாள். பழமலை தன் ஜாடியை மூன்று முறை வலம் வந்தான். பின்னர் எதிரியின் அருகே குந்தி, வீட்டுக்குள்ளிருந்து எடுத்து வந்த ஒரு பொறை ரொட்டியை நீட்டி, தன் ஜாடியை மெல்லத் தட்டினான். பொறையை மென்று விழுங்கிய வஸ்தாது, லஞ்சம் வாங்கியும் தீர்ப்பை மாற்றாத முதல் நீதிபதியாக, மோவாயைத் தரையில் வைத்து உறங்கிப்போயிற்று.

அரை மணி கழிந்தது. நாயின் ஜாடி காய்ந்த அடியோடு நின்றது. பழமலையின் ஜாடிக்குக் கீழே எறும்பளவு ஈரம் பூத்தது. பூத்தது பாம்பாக நீண்டது. நீண்டது மார்கழி வெள்ளத்து மணிமுத்தாறெனப் பெருகி, வீரனின் கால் பெருவிரலை நனைத்து, உறங்கிய மாற்றானின் மூக்கைத் தொட்டது. வஸ்தாது எழுந்து சோம்பல் முறித்து, அந்த நீரைச் சொட்டு விடாமல் நக்கிக் குடித்தது.

தெரு சிரித்துக் கலைந்தது. பக்கிரி தோற்ற ஜாடியைக் கவிழ்த்து வைக்கோலுக்குள் மறைத்துக்கொண்டு சைக்கிளை மிதித்தான். வென்ற ஜாடியை இடுப்பில் ஏற்றிய கொளஞ்சியம்மாள் வாசற்படியில் நின்று திரும்பினாள்.

"ஏங்க, இத்தினி வருசமா ஃபேக்டரில எப்பிடித்தான் வேல பாக்குறீங்க?"

பழமலை தெருவின் இரு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"தட்டுறது மட்டுந்தான் நானு. காது குடுத்துக் கேக்குறது பக்கத்துல நிக்கிற மாணிக்கவேலு."