அக்காவுக்கு நான் தைப்பித்த ரெடிமேட் சாரிகள்

அந்தத் திங்கட்கிழமை காலை கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: அக்கா, அக்காவின் பிள்ளைகள் ஷெரினும் கெவினும், துறைமுகத்தில் இரவு வேலை முடித்து வந்து குப்புறப் படுத்திருந்த அப்பா, பிறகு நான். இல்லாதவர்கள்: கட்டாரில் வேலை செய்யும் அத்தான், மன்னாரில் சின்னம்மாவின் மகளுக்குப் பிள்ளைப்பேறு பார்க்கப் போயிருந்த அம்மா. அம்மா இல்லை என்பதைவிட அம்மாவின் அலுமாரிச் சாவி இல்லை என்பதுதான் பெரிய விஷயம். அது அவரது கழுத்துச் சங்கிலியில் தொங்கியபடி மன்னாருக்குப் போயிருந்தது. அலுமாரிக்குள் அம்மாவின் நல்ல சாரிகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. என் கையில் அகப்படாததால்தான் அவை பத்திரமாக இருந்தன என்று அக்கா இன்றைக்கும் சொல்வாள்.

எங்கள் குடும்பத்தில் ஏ.எல். பாஸ் பண்ணி கம்பஸ் போன முதல் ஆள் நான். (இதை அந்த நாட்களில் நான் யாரிடமும் சொல்லாமல் விட்டதாக ஞாபகமில்லை. மீன்காரரிடமும் சொல்லியிருக்கிறேன்.) அக்கா படிப்பை ஓ.எல்.லுடன் நிறுத்தி வேலைக்குப் போனதால்தான் நான் ரியூஷனுக்குப் போனேன். முகாமைத்துவப் பட்டம் வாங்கி, வெள்ளவத்தையில் ஒரு கம்பனியின் மனிதவளப் பிரிவில் பயிலுநராகச் சேர்ந்து, கழுத்தில் டை கட்டத் தொடங்கியதும் எனக்கு ஒரே அவசரம். அக்காவுக்கு ஏதாவது செய்ய வேண்டும். பெரிதாக, படித்தவன் செய்வதுபோலச் செய்ய வேண்டும்.

அக்கா பம்பலப்பிட்டியில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் வரவேற்பு மேசையில் இருந்தாள். ஒப்பந்த வேலை. சாரி கட்டாயம். அவளுடைய காலைகளைப் பார்த்தால் உங்களுக்கே மூச்சு வாங்கும். ஒரு கையால் இடியப்பம் அவித்துக்கொண்டு மற்றக் கையால் ஷெரினுக்குத் தலை இழுப்பாள், கெவினின் வாயில் ஒரு பிடி திணிப்பாள், பள்ளிக்கூட வான் ஹோர்ன் அடித்ததும் ஒற்றைச் சப்பாத்தைத் தேடிக் கட்டிலுக்கடியில் புகுவாள், வெளியே வந்து சாரியைச் சுற்றுவாள். முன்னால் கொய்யகம் மடித்துச் செருகப் போகும் நேரம் பார்த்து கெவின் அதற்குள் புகுந்து ஒளித்து விளையாடுவான். மடிப்பு எல்லாம் குலையும். திரும்ப முதலிலிருந்து. வாயில் மூன்று பின்னைக் கடித்துக்கொண்டே அவனை ஏசுவாள். பஸ் போய்விடும்.

அலுவலகத்தில் ஏற்கெனவே பிந்தி வந்ததற்கு எச்சரித்திருந்தார்கள். ஆனாலும் வேலையை நிரந்தரமாக்குவதற்கு அவளை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். திங்கட்கிழமை காலை. பிந்தினால் வர வேண்டாம் என்று மேலாளர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாராம். நிரந்தரமாகிவிட்டால் கெவினைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை வைக்கலாம், அத்தானை அடுத்த ஒப்பந்தத்தோடு திரும்பி வரச் சொல்லலாம். அக்கா எல்லாத் திட்டத்தையும் அந்த ஒரு காலையில் கொண்டுபோய்க் கட்டியிருந்தாள்.

ஒரு கிழமை நான் பல் துலக்கியபடியே அவளைக் கவனித்தேன். பிறகு இரவு முழுக்க போனில் தேடினேன். வேலைக்குப் போகும் தாய்மாருக்குச் சட்டென்று உடுத்தக்கூடிய உடைகள் என்று ஆயிரம் பேர் ஆலோசனை சொல்லியிருந்தார்கள். நீளக் காற்சட்டையும் தளர்ந்த சேர்ட்டும் என்றார்கள். அந்த அலுவலகத்தில் அது நடக்காது. கடைசியில் என் கண்ணில் பட்டது தைத்த சாரி. பாவாடை மாதிரிக் காலை விட வேண்டும், இடுப்பில் ஊக்கைக் கொளுவ வேண்டும், முந்தானையைத் தோளில் போட்டு ஒரு பின். முடிந்தது.

"அக்கா, உங்கட பிரச்சினை நேரம் இல்லை, ப்ரோசஸ்தான்" என்றேன்.

"என்ட பிரச்சினை கெவின். அவனுக்கு ஒரு ப்ரோசஸ் இருந்தாச் சொல்லு" என்றாள் அவள்.

விளக்கிச் சொன்னதும் அவளுக்கும் பிடித்துவிட்டது. ஆனால் அவள் கவனமான ஆள். "முதல்ல ஒண்டைக் குடுத்துப் பாப்பம் தம்பி" என்று அந்த மஞ்சள் பூப்போட்ட சாரியை எடுத்துத் தந்தாள். எதையும் சிறிதாகச் செய்து பார்த்துவிட்டுத்தான் பெரிதாகச் செய்ய வேண்டும் என்று நாலு வருடம் படித்துப் பரீட்சையிலும் எழுதியவன் நான். இன்டர்வியூவுக்கு முந்தின கிழமை அவளுக்கு லீவு. அவள் குளிக்கப் போனதும் அவளுடைய வேலைச் சாரிகள் ஐந்தையும் பையில் அடைத்தேன். கலியாணக் கூறையை மட்டும் விட்டேன். (அதையும் எடுத்தேன்தான். சரிகை பாரம், பை மூடவில்லை.)

இடுப்பளவு வேண்டுமே. அக்காவிடம் கேட்டால் ஐந்தையும் கொண்டுபோவது தெரிந்துவிடும். அவளுடைய பெட்டிக்குள் மேலாகவே ஒரு நீலப் பாவாடை அழகாக மடித்து வைத்திருந்தது. இவ்வளவு பத்திரமாக வைத்திருப்பதைத்தானே அடிக்கடி போடுவாள் என்று யோசித்து, அதையும் எடுத்துக்கொண்டேன்.

தெமட்டகொடையில் ஒரு சிங்களப் பெண்மணி வீட்டில் வைத்துத் தைப்பதாக என் அலுவலகத்தில் சொன்னார்கள். டீச்சர்மாரும் நேர்ஸ்மாரும் அவரிடம்தான் கொடுப்பார்களாம். எப்படித் தைக்க வேண்டும் என்று கேட்டார். எனக்குச் சாரியைப் பற்றித் தெரிந்தது அது நீளமான துணி என்பது மட்டும்தான். ஆனால் தயாராகப் போயிருந்தேன். எங்கள் மனிதவள மேடம் மேசைக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் படம் ஒன்று போனில் இருந்தது. தோளில் மடிப்புகள் கத்தி மாதிரி நிற்கும். இதுதான் ஒபிஸ் சாரி என்று பெரிதாக்கிக் காட்டினேன்.

"மே வகேமத?" என்றார் அவர். இதே மாதிரியேவா என்று.

"மே வகேம" என்றேன் நான். இதே மாதிரியே.

அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார். பிறகு, அக்கா சிங்களமா என்று கேட்டார்.

என்னைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரே கேள்வி அது. 'இல்லை' என்ற ஒரு சொல் போதும். நான் அதற்கு ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். உடுப்பில் இனம் என்ன, மதம் என்ன, இந்த நாடு பட்டது போதாதா, நாங்கள் எல்லோரும் இலங்கையர் அல்லவா என்று, இலக்கணப் பிழை விடாமல் சிங்களத்தில். வாசலில் துணி கொடுக்க நின்ற இரண்டு பெண்கள்கூடத் தலையாட்டினார்கள். தையற்கார அம்மா வேறு ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு ஒரு பிளேன்டீ தந்தார்.

வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்னது ஞாயிறு பின்னேரம்தான் கிடைத்தது. அன்றைக்குக் கெவினுக்குக் காய்ச்சல், அக்காவுக்குப் போட்டுப் பார்க்க நேரமில்லை. ஐந்து சாரியும் போனதைப் பார்த்து அக்கா ஒரு முறை கண்ணை மூடித் திறந்தாள். பிறகு பொலித்தீன் உறைக்கு மேலாகவே தோள் மடிப்பைத் தடவிப் பார்த்தாள். "வடிவாத்தான் தைச்சிருக்கு" என்றாள். எனக்கு நிலத்தில் கால் பாவவில்லை. அன்றிரவு அவள் போன் அலாரத்தை அரை மணித்தியாலம் தள்ளி வைத்தாள்.

திங்கட்கிழமை காலை அக்கா இருந்து சாப்பிட்டாள். அவள் கதிரையில் இருந்து காலைச் சாப்பாடு சாப்பிட்டதை நாங்கள் யாரும் அதற்கு முன் கண்டதில்லை. ஷெரின் பயந்துபோய், "அம்மாக்குச் சுகமில்லையா?" என்று என்னிடம் கேட்டாள். வான் வந்து ஷெரினை ஏற்றிப் போனது. கெவின் அப்பாவின் முதுகில் ஏறிப் படுத்துக்கொண்டான். அக்கா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பொலித்தீன் சரசரத்தது.

"தம்பி. இஞ்ச வா."

அவள் சாரியை இடுப்பில் பிடித்தபடி நின்றாள். இடுப்பைச் சுற்றி, பிறந்தநாள் கேக்கின் ஓரத்தில் கிறீம் வைத்த மாதிரி, ஒரு நெளிவு நெளிவான விளிம்பு நின்றது. கொய்யகம் இருக்க வேண்டிய இடம் மொட்டையாக இருந்தது.

"இது என்ன?"

"சாரி."

"இது ஒசரி."

ஒசரி என்பது கண்டிப் பக்கத்துச் சிங்களப் பெண்கள் உடுத்தும் முறை. கொழும்பில் பிறந்த எவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும், கலியாண வீடுகளில் கண்டிருக்கிறேன். ஆனால் ஆயிரம் தரம் கண்டும் வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. மேடத்தின் படத்தில் இடுப்பு மேசைக்குப் பின்னால் இருந்தது. அக்கா போனை வாங்கிப் பெரிதாக்கினாள்.

"இவவின்ட சட்டைக் கையைப் பாத்தியா? தோளில பலூன் மாதிரி ஊதி நிக்குது. இதைப் பாத்தும் விளங்கேல்லையா உனக்கு?"

"ஃபஷன் எண்டு நினைச்சன் அக்கா."

மற்ற நாலையும் பிரித்தேன். ஐந்தாவது மட்டும் மனம் திருந்தியிருக்குமோ என்று ஒரு நப்பாசை. எல்லாமே இடுப்பில் வெட்டி, நெளிவு வைத்துத் தைத்த ஒசரிகள். பிரித்தாலும் திரும்பச் சாரியாகாது. இரவல் கேட்கலாமென்றால் பக்கத்து வீட்டு அன்ரி வேலைக்குப் போய்விட்டா. அம்மாவின் அலுமாரியை இழுத்துப் பார்த்தேன், கைபிடி கழன்று வந்தது. கூறையைக் கட்டுவோமா என்றேன்.

"கட்டலாம். உள்ள போனோன மாப்பிள்ளை எங்க எண்டு கேப்பாங்கள். உன்னைக் காட்டவா?"

நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா ஒசரிக்குள்ளேயே காலை விட்டாள். அப்போதுதான் அடுத்தது தெரிந்தது. ஊக்கு எட்டவில்லை. எந்த அளவில் தைக்கக் கொடுத்தாய் என்று கேட்டாள். நீலப் பாவாடை என்றேன். அவள் சுவரைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்: "அது ஷெரின் பிறக்க முதல் போட்டது. மெலிஞ்சாப் போடலாம் எண்டு வச்சிருந்தனான்."

அவள் மூச்சை உள்ளே இழுக்க, நான் இரண்டு கையாலும் இழுத்து ஊக்கைக் கொளுவினேன். மூச்சை விட்டதும் தையல் கிர்ரென்றது. கெவினை அப்பாவோடு விட்டுவிட்டு ஒரு திரீவீலரைப் பிடித்தோம். நானும் கூடப் போனேன், பின் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு. அக்கா வளையவே முடியாமல் மூலைவாட்டில் சாய்ந்திருந்தாள், லொறியில் ஏற்றிய மேசை மாதிரி. டிரைவர் கண்ணாடியில் ஒசரியைப் பார்த்துவிட்டு அவளை டீச்சர் என்றே முடிவு செய்துவிட்டார். தன் மகனுக்குக் கணக்கு ஓடவில்லை என்று புறக்கோட்டை நெரிசலில் தொடங்கியவர் காலி வீதி முழுக்கச் சிங்களத்தில் முறைப்பட்டார். மூச்சை அடக்கிக்கொண்டே அக்கா அதற்கும் ஆலோசனை சொன்னாள்.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். அதை மட்டும் எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

நான் கீழே வாசலில் நின்றேன். உள்ளே நடந்தது அக்கா சொல்லித் தெரிந்தது. மூன்று பேர் இருந்தார்களாம். இருக்கச் சொன்னார்கள். நிற்கிறேன் என்றாளாம். பரவாயில்லை, இருங்கள் என்றார்கள். இருந்தாள். ஊக்கு பறந்து மேசைக் காலில் பட்டது. கூடவே பக்கத் தையலும் போனது. அவளுடைய கோப்பு மடியில் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. அக்கா முகத்தை மாற்றாமல் எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னாள், தமிழில், சிங்களத்தில், ஆங்கிலத்தில். மூவருக்கும் நல்ல திருப்தி. பிறகு ஒருவர், முன்மேசைக்கு வந்து ஒரு வாடிக்கையாளரை எப்படி வரவேற்பீர்கள் என்று செய்து காட்டுங்கள் என்றார்.

"இங்க இருந்தே சொல்றனே சேர்" என்றாள் அக்கா.

அந்த அலுமாரியில் இருக்கும் கோப்பை எடுத்துத் தர முடியுமா என்றார் மற்றவர். எங்கே இருக்கிறது என்று அக்கா விரலால் சரியாகக் காட்டினாள். கடைசியில், சரி, நீங்கள் போகலாம் என்றார்கள். அக்கா போகவில்லை. நன்றி சொன்னாள். திரும்பவும் நன்றி சொன்னாள். சிரித்தபடியே இருந்தாள். அவள் அசையாததைக் கண்டு, இன்டர்வியூ எடுக்க வந்த மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டார்கள். அடுத்த ஆளை அங்கே வைத்துத்தான் கேட்டார்களாம்.

அக்கா எனக்குப் போன் பண்ணினாள். "மேல வா. டையைக் கழட்டிக்கொண்டு வா" என்று மட்டும் சொன்னாள். என் முதல் சம்பளத்தில் வாங்கிய நீல டை. அதை அவளுடைய இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டு, அதற்கு மேல் பின் குத்தி, பின்படியால் இறக்கிக் கூட்டி வந்தேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் கோப்பை அணைத்தபடி படி படியாக இறங்கினாள். எனக்கு அழுகை வந்தது. ஏசியிருந்தால் பரவாயில்லை.

இரண்டு கிழமையில் பதில் வந்தது. அறிவு, மொழி எல்லாம் நல்லதாம். ஆனால் சுறுசுறுப்புப் போதாதாம், எழுந்து முன்வந்து வேலை செய்யும் குணம் தெரியவில்லையாம். இன்னும் மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவார்களாம். அக்கா அதை வாசிக்கும்போது அடுப்பில் சம்பலுக்குத் தேங்காய் வறுத்துக்கொண்டு, காலால் கெவினின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டிருந்தாள். கடிதத்தைத் திரும்ப ஒரு தரம் வாசித்தாள். "பதினைஞ்சு வருசத்தில ஒரே ஒரு நாள்தான்டா நான் எழும்பாம இருந்தனான்" என்றாள். சிரிக்கத் தொடங்கினாள். தேங்காய் கருகும்வரை சிரித்தாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மூன்று மாதம் கழித்து, அம்மாவின் பச்சைச் சாரியில் போய், கேட்பதற்கு முன்பே எழுந்து எழுந்து நின்று, வேலையை நிரந்தரமாக்கிக்கொண்டு வந்தாள். ஒசரிகள் வீணாகவில்லை, இடுப்பை விரித்துத் தைத்துக்கொண்டாள். அலுவலக விழாக்களில் வெற்றிலை கொடுத்து விருந்தினரை வரவேற்க இன்றைக்கும் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுடைய சாரிகளுக்குக் கொய்யகம் மடித்து, அயர்ன் பண்ணி, பின் குத்தி ஹேங்கரில் போடுவது என் வேலை. (நன்றாகவே மடிப்பேன். யாரும் நம்புவதில்லை.)

எங்கள் வீட்டில் யாராவது கதிரையை விட்டு எழும்பாமல் கதைத்துக்கொண்டே இருந்தால், "என்ன, தம்பி தைப்பிச்ச சாரியோ?" என்று கேட்பார்கள். அத்தான் கட்டாரிலிருந்து வீடியோவில் கேட்பார். போன கிழமை என்னைப் பெண் பார்க்கக் கூட்டிப்போன இடத்தில், நான் தேத்தண்ணி குடித்த பிறகும் எழும்பாமல் இருந்ததைப் பார்த்து ஷெரின் சபையில் கேட்டுவிட்டாள். பிறகு முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. பெண் கேட்டது ஒரே ஒரு கேள்வி: மொத்தம் எவ்வளவு போச்சு? அக்கா கணக்கை மனப்பாடமாக வைத்திருக்கிறாள். தையற்கூலி, புதிதாக வாங்கிய நாலு சாரி, திரீவீலர், மூன்று மாதம் கிடைக்காமல் போன சம்பள உயர்வு எல்லாம் சேர்த்து, நாற்பதாயிரத்து நானூற்றைம்பது ரூபா.