பிளேட்டு பாயின் இரண்டு ஓட்டங்கள்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் டீ குடித்தவர்களுக்கு பூமியைப் பற்றித் தெரிந்த அளவு பூமிக்கே தெரிந்திருக்காது. எல்லாம் பிளேட்டு பாய் உபயம்.

எங்கள் கம்பெனி வாசலுக்கு எதிரே இருந்த ஷீட் போட்ட கடை அவருடையது. சொந்த ஊர் பழவேற்காடு. சுனாமியன்று அவர் வீட்டு வாசல்வரை கடல் வந்துவிட்டுப் போனது. பிறகு அந்தப் பக்கம் வந்த யாரோ ஒரு வாத்தியார், பூமியின் மேலோடு பெரிய பெரிய பிளேட்டுகளாக நகர்ந்துகொண்டே இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாட்டிக்கொண்டது நாங்கள்.

டீ கேட்டால் முதலில் இரண்டு பரோட்டாவை மேஜைமேல் வைப்பார்.

"இது நம்ம பிளேட்டு. அது சுமத்ரா பக்கத்து பிளேட்டு. நம்முது அதுக்கு அடியில பூந்துக்கினே போவுது. மேல இருக்கிறது ஒட்டிக்கினு கூடவே வளையுது. தாங்க முடியாம ஒரு நாள் சட்டுனு பிச்சிக்கினு எகிறுது. கடல தூக்கி அடிச்சிடுது!"

"அப்ப இமயமலை?" என்று யாராவது வாயைக் கொடுத்தால் தீர்ந்தது. பரோட்டாக்களை நேருக்கு நேர் மோதவிட்டு நெளிப்பார். "ரெண்டும் தரை. நீ கீழ போ, நான் போவ மாட்டேன்னு ரோஷம். அதான் மலையா நிக்குது." பக்கத்தில் உரசிப் போகும் பிளேட்டுக்கு, சந்தில் மாட்டிய இரண்டு லாரி உதாரணம். விலகிப் போகும் பிளேட்டுக்கு பரோட்டாவைப் பிய்த்து நடுவில் சால்னா ஊற்றுவார். "கீழேர்ந்து நெருப்புக் குழம்பு வரும். ஆறிச்சுன்னா புதுத் தரை." அந்தப் புதுத் தரையையும் நாங்கள்தான் சாப்பிட வேண்டும்.

ஒரு மத்தியானம் டீ கிளாஸ்கள் கிடுகிடுவென ஆடின.

"பிளேட்டு விட்டுடுச்சிடா!" என்று கத்திய பாய், கரண்டியோடு ரோட்டைத் தாண்டி, கால்வாயைத் தாண்டி, மைதானத்தின் நடுவில் போய் நின்றார். இரும்புச் சுருள் ஏற்றிய நீள டிரெய்லர் ஒன்று எங்கள் முன்னால் மெதுவாகப் போனது. அவ்வளவுதான் விஷயம்.

உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி நூர்ஜான் அக்கா, முட்டி வலியோடு சுவரைப் பிடித்து வாசலுக்கு வந்தார்.

"இன்னா பாய், அக்காவ உட்டுட்டு ஓடிட்ட?" என்று எங்கள் வெல்டர் கத்த, தெருவே சிரித்தது. பாய் திரும்பி வந்தார். அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "நான் உள்ள இருக்கேன்னு நெனப்பாவது வந்துச்சா?"

பாய் கரண்டியைப் பார்த்தார். எங்கள் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அதோடு பிளேட்டுப் பேச்சு போயிற்று. பரோட்டா வெறும் பரோட்டா ஆனது. "பாய், இமயமலை வளருதா?" என்று சீண்டினாலும், துடைத்த கிளாஸையே திரும்பத் துடைப்பார். அக்காவின் முகத்தை நேராகப் பார்த்துப் பேசி நான் கண்டதில்லை.

நாளாகி ஒரு சாயங்காலம் மறுபடி கிளாஸ்கள் ஆடின. ரோட்டில் லாரி எதுவும் இல்லை. இந்தத் தடவை நிஜம். எல்லோரும் வெளியே ஓடினோம். பாத்திரம் கழுவ வாசலுக்கு வந்திருந்த அக்காவும் முட்டி வலியை மறந்து எங்களோடு ஓடிவந்தார். பாய் மட்டும் கடைக்குள் ஓடினார்.

"நூரு! நூரு!"

"யோவ், நான் இங்க இருக்கேன்! வெளிய வாய்யா!"

அவர் காதில் விழவில்லை. ஆட்டம் நின்ற பிறகும் உள்ளே பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில், மைதா மூட்டை தன் மேல் சரிந்து கொட்டி, தலை முதல் கால்வரை வெள்ளையாக வெளியே வந்தார். எங்களோடு நின்ற அக்காவைப் பார்த்ததும் மறுபடி தலை குனிந்துவிட்டது.

"நீ உள்ள இருக்கன்னு நெனச்சிட்டேன்" என்றார், தப்பு செய்தவர் மாதிரி.

அக்கா முக்காட்டு நுனியால் அவர் கண்ணிலிருந்த மாவைத் துடைக்க ஆரம்பித்து, துடைக்கத் துடைக்க அழுதார். நாங்கள் ரோட்டைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டோம். அன்றைக்கு ஒருவர்கூட டீ கேட்கவில்லை.