கால்சியம் இல்லாத பாட்டில்

தாம்பரம்,
12-5-1993

மதிப்பிற்குரிய மாமா வேதாசலம் அவர்கள் சமூகத்துக்கு, உங்கள் மைத்துனன் பொன்னுசாமி கும்பிட்டு எழுதுவது. இங்கே நாங்களும், எங்களோடு தங்கி ஆராய்ச்சி செய்யும் உங்கள் மகள் கனகவல்லியும் சௌக்கியம். அங்கே சிங்கப்பெருமாள் கோவிலில் அம்மணி அக்கா சௌக்கியமா? அக்கா சௌக்கியமாக இருந்தால் நீங்கள் எப்படி இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் தனியாகக் கேட்கவில்லை.

உங்கள் கடுதாசி கிடைத்தது. மூன்று மாதமாகத் தவளைக் கண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் தேறவில்லையாமே, ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள், மூட்டை கட்டி அனுப்பிவிடு என்று எழுதியிருந்தீர்கள். மாமா, அந்த மூன்று மாதத்தைக் கெடுத்தது அவள் இல்லை. நான்தான்.

நான் அஞ்சாவது தாண்டாதவன், அவள் எனக்குச் சொன்னபடியே சொல்கிறேன். கண்ணுக்குள்ளே விழித்திரையில் நரம்பு அணுக்கள் இருக்கின்றனவாம். ஒவ்வொன்றின் தோலிலும் பொடிப்பொடியாகக் கதவுகள். வெளிச்சம் பட்டால் அணு படபடவென்று துடிக்கும், துடிக்கும்போது கால்சியம் உள்ளே வரும், அது வந்ததும் பொட்டாசியக் கதவு திறந்து பொட்டாசியம் வெளியே போகும், அணு அடங்கும். "இன்னாம்மா கனகா, எங்க அக்கா உள்ள வந்தா உங்கப்பா செருப்ப மாட்டிகினு வெளிய போவாரே, வூடு அமைதியாவுமே, அதானே?" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்து, "அதேதான் மாமா. அம்மா வரலன்னா அப்பா போறாரா இல்லையான்னு பாக்கணும். அதுதான் என் ரிசர்ச்" என்றாள். அதற்காக ஒரு பாட்டிலில் கால்சியம் போட்ட உப்புத் தண்ணீர், இன்னொன்றில் கால்சியமே இல்லாத உப்புத் தண்ணீர். இரண்டையும் காய்ச்சி வடித்த தண்ணீரில்தான் கலக்க வேண்டும். அதை வடித்துக் கொடுப்பதுதான் அந்த லேபில் அட்டெண்டரான என் வேலை.

மாசி மாதத்தில் ஒரு நாள் வடிக்கிற மிஷினைப் போட்டுவிட்டு, கேன்டீனில் நாலு பேர் நடுவே தவளை மாதிரி கத்திக் காட்டிக்கொண்டிருந்தேன். எல்லோரும் சிரித்தார்கள், எழுந்து வர மனசில்லை. திரும்பினால் தண்ணீர் வற்றி, மிஷினைச் சூடாக்குகிற காயில் கம்பி கருகிக் கிடக்கிறது. சொன்னால் மெமோ வரும் என்று வாயை மூடிக்கொண்டு நாலு நாள் கடையில் பேட்டரிக்கு ஊற்றுகிற வடித்த தண்ணீர் வாங்கி ஊற்றினேன், ஐந்தாம் நாள் கடை பூட்டியிருந்தது, போர் குழாயைத் திறந்தேன், கண்ணாடி மாதிரி வந்தது, யாருக்குத் தெரியப்போகிறது என்று கேனை நிரப்பினேன், அன்றிலிருந்து அதுவே பழக்கமாகிவிட்டது. எந்தப் பாட்டிலை ஊற்றினாலும் அணு ஒரே மாதிரி அடங்கியது. அவளுடைய புரொபசர் லக்ஷ்மிநாராயணன் சார் என் எதிரிலேயே, "உன் கையில சுத்தம் இல்லைம்மா. உதவித்தொகையை இந்த மாசத்தோட நிறுத்தச் சொல்லிடறேன்" என்றார். நானாவது சும்மா இருந்தேனா? வீட்டுக்கு வந்து, "பேசாம அந்தத் தவளையவே கட்டிக்கினு போ" என்று சீண்டினேன். முதல் தடவையாக அவள் சிரிக்கவில்லை மாமா.

முந்தாநாள் என் சம்சாரம் அங்காளம்மாள் வெந்நீர்க் குண்டானின் அடியைச் சுரண்டிக்கொண்டே, "இந்த போர் தண்ணி பேஜாருய்யா, பாரு எத்தினி சுண்ணாம்பு" என்றாள். "சுண்ணாம்புல இன்னா கீது?" என்று சும்மாதான் கேட்டேன். தலை வாரிக்கொண்டிருந்த கனகா என்னைப் பார்த்து, "கால்சியம் மாமா" என்றாள். நான் கேனில் நிரப்பியதும் போர் தண்ணீர்தானே மாமா.

ஆகையால் பெண் பார்ப்பதை ஒரு வருஷம் தள்ளிப்போடுங்கள். உதவித்தொகை நின்றால் நிற்கட்டும், சாப்பாடு என் வீட்டில். புதுக் காயில் என் கைக்காசில் போட்டுவிட்டேன். சாருக்கு மட்டும் இது தெரிய வேண்டாம், பென்ஷனுக்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. கனகாவுக்கும் தெரிய வேண்டாம், அவள் முகத்தில் நான் தினமும் விழிக்க வேண்டும்.

அக்கா காலில் விழுந்ததாகச் சொல்லவும். நரசிம்மர் உங்கள் இருவரையும் காப்பாராக, முக்கியமாக உங்களை.

இப்படிக்கு,
பொன்னுசாமி

பி.கு: கவரை ஒட்டச் சோற்றுப் பருக்கை எடுக்க உள்ளே போனேன், அதற்குள் கனகா இதைப் படித்துவிட்டாள். "தெரியும் மாமா" என்றாள். போன வாரமே கேன் தண்ணீரில் ஏதோ மருந்தைச் சொட்டு விட்டுப் பார்த்தாளாம், பால் மாதிரி வெளுத்ததாம். நேரே சாரிடம் போய், உப்பைத் தப்பாகக் கலந்தது அவளேதான் என்று சொல்லிவிட்டு வந்தாளாம், என் பென்ஷனுக்காக. "கிழிச்சிப் போடுங்க மாமா, அப்பாவுக்கு எதுக்கு" என்றாள். அவள் எதிரிலேயே கிழித்தேன். கிழித்தது மளிகைச் சீட்டு. இதையே பார்த்து இன்னொன்று எழுதி சாருக்கும் கொடுக்கப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களிடம், பெண்ணுக்கு லேபில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.