கீழ்ப்பக்கம் பொங்கின பொங்கல்

இதை எழுதுவதா விடுவதா என்று வருசக்கணக்காக யோசித்தேன். பேனையை எடுப்பேன், "பிள்ளையாரே, சனம் மறக்கட்டும்" என்று திரும்ப வைத்துவிடுவேன். மறந்தால்தானே! போன மாதம் ஒரு கலியாண வீட்டில், முன்பின் தெரியாத ஒருத்தர் என்னைக் கண்டதும், "ஓ, தோட்டத்துக்குத் தீயணைப்பு வண்டி வந்த அண்ணையோ?" என்று கேட்டார். இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க ஏலாது.

தீயணைப்பு வண்டி வரவே இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, ஜெர்மனியில், டோர்ட்மண்டில் நாங்கள் ஒரு தோட்டத் துண்டை வாடகைக்கு எடுத்த முதல் வருசம் அது. (தோட்டச் சங்கம். வேலி எவ்வளவு உயரம் என்றதுக்கும் சட்டம்.) அந்த மண்ணில் விளைந்ததைத் தைப்பொங்கலன்றே பிடுங்கிப் பிள்ளையாருக்குப் படைப்பதென்று நேர்ந்துவிட்டேன். நேர்ந்ததோடு நிற்காமல் கோயிலில் எல்லாருக்கும் சொல்லியும் விட்டேன். மனைவியின் தம்பி குணம் அங்கேயே சிரித்தான்.

"தை மாதத்தில ஜெர்மன் மண்ணில என்னத்தை அத்தான் புடுங்கப்போறியள்? பனியையோ?"

அந்தச் சிரிப்புத்தான் என்னை உசுப்பிவிட்டது. பக்கத்துத் துண்டுக்காரி கிறிஸ்ரா அம்மாவிடம் யோசனை கேட்டேன். பீற்றூட்டையும் கரட்டையும் உறைபனிக்கு முன் கிண்டி எடுத்துவிடு, லீக்ஸையும் பாஸ்ரினாக்கையும் மண்ணிலேயே விடு என்றா. பாஸ்ரினாக் என்றால் பார்வைக்கு வெள்ளைக் கரட். பனி பட்டால்தான் இனிக்குமாம். தவம் இருக்கிற கிழங்கு! எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. பதிலுக்கு நானும் பொங்கலைப் பற்றி, சூரியன், பானை, அடுப்பு என்று எல்லாம் விளக்கினேன்.

மார்கழியில் அவ ஒரு கட்டு வைக்கோலைக் கொண்டுவந்து, "ஜனவரிக்கு உதவும்" என்று தந்தா. வேற மதத்து மனுசி எங்கட பொங்கலுக்கு அடுப்பு மூட்ட வைக்கோல் தருகிறாவே என்று கண் கலங்கிப்போய், அதைக் குடிலுக்குள் நனையாமல் பத்திரப்படுத்தினேன்.

பொங்கல் விடிந்தது. பாத்தி கொங்கிறீட். மண்வெட்டி போட்டேன், 'டங்' என்றது. அலவாங்கு போட்டேன், என் பல்லுத்தான் ஆடியது. கிழங்கின் தலை தெரிகிறது, இழுத்தால் இலை மட்டும் கையோடு வருகிறது. மத்தியானப் பூசைக்குக் குணம் கோயில் வாசலில் சிரிக்க ஆயத்தமாக நிற்பான்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. அடுப்பைப் பாத்திக்கு மேலேயே வைத்தால் என்ன? பொங்கலும் ஆகும், மண்ணும் இளகும்!

"இஞ்சாருங்கோ, இஞ்ச நெருப்பு மூட்டக்கூடாதெல்லே?" என்றா மனைவி பவானி.

"சாமிக்கு மூட்டுறதுக்கு ஆர் என்ன சொல்லுறது?"

"காணி சாமியின்ர பேரிலயே கிடக்கு?"

நான் காதில் வாங்கவில்லை. மூன்று கல், பானை, அந்த வைக்கோல், மேலே விறகு. நெருப்பு அருமையாகப் பிடித்தது. நேரமில்லையென்று பாலோடேயே அரிசி, சர்க்கரை, கஜு, பிளம்ஸ் எல்லாம் போட்டு, கிழக்கே பொங்குதா என்று கைகூப்பிப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். மண் இளகியது. ஒரு கல் மெள்ளப் புதைந்தது. பானை கிழக்கேயும் பொங்கவில்லை, வடக்கேயும் பொங்கவில்லை. அப்படியே சரிந்து பாத்திக்குள் போய்விட்டது.

ஒரே புகை. சங்கத் தலைவர் வாளியோடு ஓடிவந்து ஊற்றினார். ஒரு வாளி. அவ்வளவுதான்!

பின்னால் வந்த கிறிஸ்ரா அம்மா எரிந்த வைக்கோலைப் பார்த்துத் தலையில் கை வைத்தா. "பாத்தியை மூடத்தானே தந்தனான்! மூடியிருந்தால் மண் இறுகியிராதே!"

அம்மா தாயே, அதை மார்கழியிலேயே சொல்லித் தொலைத்திருக்கக்கூடாதா? இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

ஆனால் கிழங்கு வந்தது. சேற்றிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது, ஒரு பக்கம் கருகி, சோறு ஒட்டிக்கொண்டு. கழுவிக் கோயிலுக்குக் கொண்டு ஓடினேன். ஐயர் மணந்து பார்த்து, "சர்க்கரை வாசமெல்லே வருது" என்று ஆச்சரியப்பட்டுப் பிள்ளையாரின் காலடியில் வைத்தார். நேர்த்தி நிறைவேறிவிட்டது.

குணத்தின் வாய் அத்தோடு மூடியிருக்க வேண்டும். பின்னேரமே கதைக்குள் ஒரு தீயணைப்பு வண்டியை விட்டான். அடுத்த வருசம் இரண்டு. இப்போது ஹெலிகொப்ரரும் பறக்கிறதாம்.

வீட்டிலும் நியாயமில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் பால் எழும்பும்போது மகள், "அப்பா, இந்தமுறை எந்தப் பக்கம்?" என்று கேட்பாள். எல்லாரும் சேர்ந்து "கீழ்ப்பக்கம்!" என்று கத்துவார்கள். பவானியின் குரல்தான் பெரிசு.

வாசிக்கிறவர்களே, இதை நாலு பேருக்குச் சொல்லுங்கோ, நான் தடுக்கவில்லை. பானை சரிந்ததையும் சொல்லுங்கோ. ஆனால் பிள்ளையார் அறிய, ஒன்றையும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். வந்தது வாளி.